பூனை வருகிற பக்கம்

வாசிக்கக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொண்ட என் அம்மாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அப்பா சுகமாக இருக்கிறார். தான் கட்டுகிற சாரத்தைத் துவைக்கப் பழகிவிட்டார், ஆனால் பிழிய மறந்துவிடுகிறார்; கொடியின் கீழே எப்போதும் ஈர மண். வேலியோரம் நீங்கள் நட்ட முருங்கை இரண்டு தரம் காய்த்தது. சோளகக் காற்றுக்கு ஒரு கிளை முறிந்து கோழிக்கூட்டின் மேல் விழுந்தது. கோழிகளுக்கு ஒன்றும் இல்லை.

நான் கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் மீன் வெட்டி உப்புப் போட்டு, வெயில் ஏறியதும் பரப்பிவிட்டு, பத்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம். பின்னேரம் திரும்பப் போய் அள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு இனிப் போகவில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். நீங்கள் படுக்கையில் விழுந்தபோது பத்தாம் வகுப்போடு நின்றது, நின்றதுதான்.

இவ்வளவையும் மனதுக்குள்ளேயே சொல்லிவிடலாம். வழக்கமாக அப்படித்தான் சொல்லுகிறேன். எங்கள் பங்குப் பத்திரிகையில் போடச் சொல்லி இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. மாக்கிறெட் மாமியை நீங்கள் ஊருக்கு முன்னால் கள்ளி என்று சொன்னீர்கள். ஆகவே நான் சொல்ல இருப்பதையும் ஊர் கேட்க வேண்டும்.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது.

அது உங்கள் வீட்டுப் பக்கமாக வந்த பழைய புத்தகம். அட்டையும் முதல் தாளும் இல்லை, அதனால் பெயரும் இல்லை, எழுதியவரின் பெயரும் இல்லை. முன்னுரையின் மிச்சத்தில், குளிர் நாடு ஒன்றின் மடத்தில் அறுநூறு வருடங்களுக்கு முன் ஒரு துறவி இன்னொரு துறவிக்காக எழுதியது என்றும், அந்தக் காலத்தில் கையாலேயே பிரதி பண்ணி ஒரு மடத்திலிருந்து அடுத்த மடத்துக்குக் கொண்டுபோனார்கள் என்றும் இருக்கிறது. எப்போதோ ஒரு சுவாமி அதைத் தமிழாக்கியிருக்கிறார். கடவுளைச் சர்வேசுரன் என்றும் ஆன்மாவை ஆத்துமம் என்றும் எழுதுகிற அந்தக் காலத்துத் தமிழ்.

நம்முடைய நாலைந்து குடும்பங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது எழும்ப முடியாமல் படுத்துவிட்டால் அந்த வீட்டுக்குப் புத்தகம் போகும். அவர் சுகமானால் திரும்பி வரும். சுகமாகாவிட்டால் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை அங்கேயே இருந்து, வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே இரண்டு மெழுகுதிரி வைத்துத் திரும்பி வரும். வைத்திருப்பது நம் வீடு. அலுமாரியின் மேல் தட்டு.

இந்த மணல் திட்டியில் இருக்கிற மீன்பிடிக்காரருக்கு அந்தக் குளிர்நாட்டுத் துறவியிடம் என்ன இருக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவர் எழுதுகிற பனியை நாம் கண்டதில்லை. காலையில் விரல் விறைத்துப் பேனையைப் பிடிக்க முடியவில்லை என்று ஓரிடத்தில் சொல்லுகிறார். அது எனக்கு விளங்கியது வாடியில் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மீன் எடுத்தபோதுதான்.

அவர் தன்னை நல்லவனாகக் காட்டுவதில்லை, அம்மா. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். செபத்தில் நித்திரையாகிப் போனேன் என்கிறார். பக்கத்தில் இருக்கிற சகோதரன் சூப்பை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம் தாங்கமுடியாமல், மூன்று கிழமையாக அவனை மனதுக்குள் ஏசினேன் என்கிறார். பிறகு, அவன் செத்துப்போன பின்பு மேசையில் அந்தச் சத்தம் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். அவ்வளவுதான் அந்த அதிகாரம். அதில் ஒரு புத்திமதியும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஒருமுறை ஒரு வரியைக்கூட முடிக்காமல் இருந்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் இந்தப் புத்தகத்தை உங்களுக்கு வாசிக்கும்போது ஒருநாளும் அடைக்கவில்லை. அவர் ஒரேயொரு ஆளைப் பார்த்து, நீ என்று எழுதுகிறார். வகுப்பைப் பார்த்து எழுதவில்லை.

இனி அந்தத் தாள்.

ஏழு வருடத்துக்கு முன் சேவியர் மாமா வருத்தமாகப் படுத்தபோது புத்தகம் மாக்கிறெட் மாமி வீட்டுக்குப் போனது. மாமி என்றால் அப்பாவின் அக்கா. மாமா எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, அவர்கள் வீட்டுப் பந்தலில் எல்லோரும் சாப்பிட இருக்கும்போது, மாமி புத்தகத்தைத் துணியில் சுற்றி உங்களிடம் தந்தா. நீங்கள் அந்த இடத்திலேயே திறந்து பார்த்தீர்கள். எனக்கு அப்போது பத்து வயது, உங்கள் பக்கத்தில் பாயில் இருந்தேன்.

நடுவில் ஒரு தாள் இல்லை. கிழியவில்லை, கத்தியால் வெட்டி எடுத்திருந்தது.

"மச்சாள், இதில ஒரு தாளைக் காணேல்ல."

"கரையான் திண்டிருக்கும்" என்றா மாமி.

"உங்கட வீட்டுக் கரையான் கத்தி வச்சிருக்கா?"

சோற்றுக் கோப்பையோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமியின் முகம் எப்படிப் போனது என்று எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. நீங்கள் விடவில்லை. "கள்ளிக்குத்தான் புத்தகத்தைக் குடுத்தனான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து எழும்பினீர்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை. தாள் கள்ளி என்ற பெயர் மாமிக்கு ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிடுவார்கள். ஒருதரம் நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

பிறகு உங்களுக்குச் சீனி வருத்தம் கூடிக் கண் மங்கியது. காலில் புண் வந்தது, கிட்னியும் பழுது என்றார்கள். ஆஸ்பத்திரியும் வீடுமாக ஒன்றரை வருடம். புத்தகம் அலுமாரியிலிருந்து உங்கள் தலைமாட்டுக்கு வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிப்பேன். புத்தகம் முடிந்தால் திரும்ப முதலிலிருந்து.

ஒவ்வொரு தரமும் அந்த இடம் வரும். பக்கத்தின் கடைசி வரி இதுதான்: "படுக்கையிலே கிடக்கிற சகோதரன் தன்னாலே செபிக்கக் கூடவில்லையென்று அழுவானாகில், அவனுக்குச் சொல்லு". அதோடு தாள் முடிகிறது. அடுத்ததாக இருக்கிற பக்கம் இப்படித் தொடங்கும்: "என்று சொல்லி, அவனுடைய கால்களைப் போர்த்திவிட்டு வா."

என்ன சொல்லச் சொன்னார் என்பது மட்டும் இல்லை.

நான் உங்கள் காலைப் போர்த்திவிடுவேன், புண் இருக்கிற பக்கம் துணி படாமல். முதலில் நீங்கள் மாமியை ஏசுவீர்கள். பிறகு யோசிப்பீர்கள்.

"அதில ஒரு பூனை வரும் மகள். சின்ன வயசில வாசிச்ச ஞாபகம்."

"பூனை என்ன செய்யும்?"

"அதுதான் ஞாபகம் இல்ல. எலி புடிக்கும்போல."

"செபம் செய்ய ஏலாத ஆளுக்கு எலி புடிக்கிற கதையா சொல்லச் சொல்லுவார்?"

"அவர் சொல்லுவார். சூப்புக் கதை சொன்ன மனுசன்தானே."

நாங்கள் எத்தனை பூனை செய்தோம், அம்மா! பால் குடிக்கிற பூனை, கோபுரத்தில் ஏறி இறங்கத் தெரியாத பூனை, பூசைக்கு வந்து வாங்குப் பலகையின் கீழே படுக்கிற பூனை. நீங்கள் சிரித்த நாட்களை எண்ணினால் பாதி அந்தப் பூனையால்தான்.

கடைசி மாதம் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருநாள் செபமாலையைப் பாயில் வைத்துவிட்டு, "மகள், எனக்குச் செபமே வருகுதில்ல" என்றீர்கள். "அருள்நிறை மரியே எண்டு தொடங்கினா அங்கால வாய் போகுதில்ல. கண்ணும் இல்ல, செபமும் இல்ல. நான் எங்க போறன்?"

அந்தத் தாள் புத்தகத்தில் இருந்திருந்தால் அதை வாசித்திருப்பேன். என் வாயால் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. காலைத்தான் போர்த்திவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள், "இந்தப் புத்தகம் எந்த வீட்டுக்கும் போகலாம். அவள்ட வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது" என்று என்னிடம் கேட்டுக்கொண்டீர்கள். நான் தலையாட்டினேன். கண் தெரியாதபடியால் என் தலையில் கையை வைத்து, ஆட்டுகிறேனா என்று பார்த்தீர்கள். அந்தக் கையின் பாரம் இன்னும் இருக்கிறது.

நீங்கள் போய் ஐந்தாம் மாதம், மாக்கிறெட் மாமி கரையில் தோணி தள்ளப் போட்டிருந்த கட்டையில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டா. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். மூன்று மாதம் எழும்பக்கூடாது என்று சொன்னார்களாம். பிள்ளைகள் இல்லாத மனுசி. அப்பா சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு ஒருநாள் அலுமாரியின் மேல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"படுத்துட்டா. புத்தகம் போகவேணும்" என்றார்.

நான் மடித்துக்கொண்டிருந்த துணியைத் திரும்ப உதறி மடித்தேன்.

"அம்மா சொன்னது எனக்கும் தெரியும். உன்னட்டத்தான் சொன்னவ. நீயே யோசி."

மூன்று நாள் யோசித்தேன். நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் கோபிப்பீர்களோ சிரிப்பீர்களோ தெரியாது. புத்தகம் போகக்கூடாது என்றுதானே சொன்னீர்கள்? பள்ளிக்கூடத்தில் எழுதாமல் மிஞ்சிய கொப்பி ஒன்று இருந்தது. அதில் புத்தகத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். கொப்பி போகலாம்தானே? கள்ளத்தனம்தான். ஆனால் உங்களுக்குத் தலையாட்டிச் சத்தியம் செய்த பிள்ளைக்கு வேறு வழி தெரியவில்லை.

வாடியில் மீன் பரப்பிவிட்டு, வீட்டுக்கு வருமுன் காகம் விரட்டுகிற நேரத்தில் ஓலைக் கொட்டிலின் கீழே இருந்து எழுதுவேன். வாடியில் என்னோடு வேலை செய்கிற ஹமீதா ராத்தா கூடவே இருப்பா. அவவுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் வாசித்துக் காட்டினால்தான் பிடிக்கும்.

"இண்டைக்கு உங்கட சாமியார் என்ன சொல்றார்?"

"காலைச் செபத்துக்கு எழும்பப் பஞ்சியாம் ராத்தா. போர்வைக்குள்ள கிடந்துகொண்டு, எழும்பினமாதிரிக் கனவு கண்டவராம்."

"யா அல்லாஹ், இது என்னைப்பத்தி எழுதினதுதானே! சுபஹுத் தொழுகைக்கு நான் எத்தனை நாள் கனவுல கைகால் கழுவி வுளூ எடுத்திருக்கன் தெரியுமா?" அப்படிச் சொல்லிவிட்டு, காகத்துக்குக் கல்லை எறிந்தா. "எங்கட பெரிய ஆக்களும் இப்பிடி எழுதி வச்சிருக்காங்க புள்ள. மனுசர் எல்லா இடத்துலயும் நித்திரக்காரர்தான்."

அறுநூறு வருடத்துக்கு முன் நித்திரையாகிப் போன ஒருவரை நினைத்துக் கருவாட்டுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

எழுதும்போதுதான் கவனித்தேன், கையால் எழுதினால் ஒரு சொல்லையும் தாண்ட முடியாது. வாசிக்கும்போது விளங்காத சொற்களை ஓடித் தாண்டுவேன். எழுதும்போது அதன் ஒவ்வொரு எழுத்திலும் நிற்கவேண்டும். மடங்களில் பிரதி பண்ணியவர்களும் இப்படித்தான் நின்றிருப்பார்கள். அவர்களுக்கும் கை உளைந்திருக்கும்.

வெட்டின இடம் வந்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. சேர்த்து எழுதினால் தாள் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அதனால் புத்தகத்தில் காணாமல் போன அளவுக்கு, கொப்பியிலும் ஒரு தாளின் இரண்டு பக்கத்தையும் வெறுமையாக விட்டேன்.

மாமி வீட்டுக்குப் போன முதல் நாள் அவ என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பினா. இடுப்பில் கம்பி வைத்த ஆளால் கழுத்தைத்தான் திருப்ப முடியும். நான் கதிரையில் இருந்தேன். கொப்பியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். அரை மணித்தியாலம் வாசித்துவிட்டு எழும்பி வந்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்தபடியே, "சத்தமா வாசி, கேக்கேல்ல" என்றா. நான்காம் நாள் நான் போகும்போது கதிரையில் ஒரு தலையணை போட்டிருந்தது.

ஒன்பதாம் நாள் அந்த வரி வந்தது. "அவனுக்குச் சொல்லு" என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன். வெறும் தாளைத் திருப்பினேன். அந்தத் தாள் திரும்புகிற சத்தம் மாமிக்குக் கேட்டிருக்கும்.

"ஏன் நிப்பாட்டின?"

"அங்கால இல்ல மாமி."

மாமி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தா. பிறகு, "பேனை வச்சிருக்கியா?" என்று கேட்டா.

வைத்திருந்தேன். அவ கண்ணை மூடிக்கொண்டு சொன்னா. ஓரிடத்திலும் தடக்குப்படவில்லை. நான் எழுதினேன். உங்களுக்கு வாசிக்க முடியாமல் போனதை இப்போது இங்கே எழுதுகிறேன், அம்மா. ஆறுதலாகக் கேளுங்கள்.

"இளைப்பாறு, சகோதரா. உனக்குப் பதிலாய் மணியடிக்கிறவன் எழும்பிவிட்டான். சங்கீதத்திலே உன்னுடைய பங்கை மற்றவர்கள் பாடுகிறார்கள். உன் சத்தம் அடைத்துப்போன நாளிலே, பக்கத்துக் கட்டிலிலே இருக்கிறவனுடைய சத்தமே உன்னுடைய சத்தம். சர்வேசுரன் அவைகளைப் பிரித்துக் கேட்கிறதில்லை.

"நமது மடத்துக் குசினியிலே ஒரு பூனை இருக்கிறது. மாரிகாலத்திலே அது அடுப்பண்டை வந்து சுருண்டு படுக்கிறது. அது விறகு பிளந்ததில்லை, தண்ணீர் சுமந்ததில்லை, ஒரு செபமும் அறியாது. நீ என்ன வேலை செய்தாயென்று அடுப்பு அதைக் கேட்கிறதுமில்லை. அண்டையிலே கிடக்கிறபடியினாலே அதற்குச் சூடு உண்டு. செபிக்கக் கூடாத நாளிலே நீ அந்தப் பூனையாய் இரு. தூரப் போகாதே, அதுமாத்திரம் போதும்,"

மாமி அதோடு நிறுத்தினா. நான் தாளைத் திருப்பி, "என்று சொல்லி, அவனுடைய கால்களைப் போர்த்திவிட்டு வா" என்று வாசித்தேன். பிறகு மாமியின் காலைப் போர்த்திவிட்டேன். இரண்டு பேரும் அழுதோம். மாமி மூக்கைச் சீறிவிட்டு, "பூனைக்கு வந்த வாழ்வைப் பார்" என்றா.

பூனை எலி பிடிக்கவே இல்லை, அம்மா. ஒன்றுமே செய்யாமல் கிடக்கிறது.

ஏன் வெட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. மாமி தானாகவே சொன்னா.

"உன்ட மாமாவுக்குச் செபமாலை முழுக்கச் சொல்லத் தெரியாது. பாதியில நித்திரை. சாகக் கிடக்கேக்க அவருக்கு வெக்கம், செபம் தெரியாம மேல போய் என்னத்தைச் சொல்லுறதெண்டு. இந்தப் பக்கத்தை வாசிச்சுக் காட்டினன். 'பூனைய வாசி, பூனைய வாசி' எண்டு நாளுக்கு நாலு தரம் கேப்பார். பெட்டியில வைக்கேக்க எல்லாரும் அவர்ட கையில செபமாலையச் சுத்தினாங்க. அது அவருக்கு உதவாது எண்டு எனக்குத்தானே தெரியும்? குசினிக்க போய் மீன் வெட்டுற கத்தியால இந்தத் தாளை வெட்டிக்கொண்டு வந்து சேட்டுப் பொக்கற்றுக்க வச்சன். அங்க ஆரும் கேட்டா எடுத்துக் காட்டட்டும் எண்டு."

"அதை அம்மாட்ட சொல்லியிருக்கலாமே மாமி."

"அவ்வளவு சனத்துக்கு முன்னால கேட்டா. பெட்டியைத் தோண்டி எடுக்கச் சொல்லுவாங்களோ எண்டு பயந்துபோனன். வாயில கரையான்தான் வந்துது." சிரிக்கப் பார்த்தா, முடியவில்லை. "பிறகு கோபம். நீங்க கோபம், நான் கோபம். ஏழு வருசம் எப்பிடிப் போச்சு எண்டு தெரியேல்ல."

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும். இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்களுடைய கடைசி இரண்டு கிழமையில் ஒருநாள் பகல் நாய் குரைத்தது. நான் கிணற்றடியில் நின்றேன். வேலிப் படலைக்கு வெளியே மாக்கிறெட் மாமி நின்றா. கையில் இரண்டு செவ்விளநீர். என்னைப் பார்த்தா. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வாங்கோ என்றும் சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. நீங்கள் படுக்கையிலிருந்து, "ஆரு மகள் வாசல்ல?" என்று கேட்டீர்கள்.

"ஒருத்தருமில்லம்மா."

நாலு நாள் கழித்து மாமி திரும்பவும் வந்தா. அன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லை. நீங்கள் திரும்பவும் கேட்டீர்கள். நான் திரும்பவும் அதையே சொன்னேன்.

உங்களுக்குக் கோபம் வரும் என்று பயந்து சொன்னேன் என்று இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. நடுவில் நின்று இரண்டு பேருக்கும் ஏதாவது சொல்லவேண்டி வருமே என்றுதான் பயந்தேன். எனக்குக் கதைக்க வராது. அதனால் ஒருத்தரும் இல்லை என்றேன்.

எழுதின தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமி, அம்மா கிடக்கேக்க நீங்க படலையடிக்கு வந்ததை நான் கண்டனான்" என்று சொன்னேன். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது.

"தெரியும் புள்ள" என்றா மாமி. "நீ என்னைக் கண்டதை நானும் கண்டனான்."

"என்னத்துக்கு வந்தீங்க?"

"மச்சாளுக்குச் செபம் வருகுதில்லையாம் எண்டு உன்ட அப்பா கரையில கண்ட நேரம் சொன்னார். தாள்தான் இல்ல, எனக்குப் பாடம்தானே. காதுக்க சொல்லிட்டு ஓடி வருவம் எண்டு வந்தன்."

அந்தப் பக்கம் நம் வீட்டுப் படலைவரை வந்திருக்கிறது, அம்மா. இரண்டு தரம். மாமியை ஏழு வருடம் கள்ளி என்றோம். ஆனால் உங்களுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அதை உங்களிடம் வரவிடாமல் வைத்தவள் நான். மாமி ஒரு தாளை எடுத்தது, சாகிற ஒரு மனுசன் கேட்டபடியால். மறைக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாமியின் பெயரைச் சொல்லப் பயந்தேன், அவ்வளவுதான்.

நீங்கள் அந்த நேரம் மாமியை உள்ளே விட்டிருப்பீர்களா? ஏசித் துரத்தியிருப்பீர்களா? பூனை என்ற சொல்லைக் கேட்டதும் பேசாமல் கிடந்து கேட்டிருப்பீர்களா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி ஒரு வழியும் இல்லை. வாடியில் மீன் பரப்பும்போது தினமும் இதைத்தான் யோசிக்கிறேன். மறுமொழி கிடைக்காத கேள்வியாக இதை வைத்துக்கொண்டு இருக்கப் பழகுகிறேன்.

மாமியிடம் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது" என்றா. "ஆனா கரையான் கதையை மட்டும் எழுதாத. வெக்கம்." எழுதிவிட்டேன். ஊர் அன்றைக்கு அதைக் கேட்டுத்தானே சிரித்தது. இன்றைக்கு மிச்சத்தையும் கேட்கட்டும்.

கொப்பியின் அந்தத் தாளை இன்னொரு தரம் நல்ல எழுத்தில் எழுதி, ஊசி நூலால் புத்தகத்தில் தைத்துவிட்டேன். அச்சு எழுத்துக்கு நடுவில் என் நீலப் பேனை எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது. இனிப் புத்தகம் போகிற வீடுகளில் அதையும் வாசிப்பார்கள். நேற்று அதை வெள்ளைத் துணியில் சுற்றி நானே மாமி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆமாம், கொப்பி இல்லை, புத்தகம். உங்கள் கையின் கீழே ஆட்டிய தலையால் இதைச் செய்திருக்கிறேன். நீங்கள் முழுக்கதையும் தெரியாமல் கேட்ட சத்தியம் அது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். பிழையென்றால் அந்தப் பிழையும் என்னுடையதாக இருக்கட்டும்.

மாமி இப்போது கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறா. கல்லறைத் திருநாளுக்குச் சேமக்காலைக்கு வரமுடியும் என்று சொல்லுகிறா. அன்றைக்கு ஊர்ச் சனம் முழுக்க அங்கே நிற்கும், ஒவ்வொரு குழியடியிலும் மெழுகுதிரியும் ஆட்களுமாக. அந்தச் சனத்துக்கு முன்னால் உங்கள் கால்மாட்டில் நின்று, பூனை வருகிற பக்கத்தைச் சத்தமாக வாசிப்பேன். தொண்டை அடைத்தால் விட்ட இடத்திலிருந்து மாமி சொல்லுவா, அவவுக்குப் பாடம். அதுவும் என் சத்தம்தான் என்று அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அம்மா. நம் படலையில் இனி யார் வந்து நின்றாலும், வாசலில் ஆர் என்று உள்ளே இருந்து ஒருவர் கேட்டால், நிற்கிறவரின் பெயரைச் சொல்லுவேன்.

உங்கள் காலைப் போர்த்திவிட்டு, சொல்லவேண்டியதைப் பிந்திக் கொண்டுவருகிற உங்கள் மகள்,
அமலி